புது பேடும் புது டிஸ்கும் செட் ஆகும் வரை மலை ஏறாதீர்கள்

வாசகர் கேள்வி: நான் நாமக்கல்லில் வசிக்கிறேன். கொல்லிமலையில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுவதால், திங்கட்கிழமை காலை மலையேறி வெள்ளிக்கிழமை மாலை இறங்குகிறேன். என் 150 சிசி மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வயதாகிறது. 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். சென்ற வாரம் இறங்கும்போது முன்பக்கம் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது, டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் உள்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்து, டிஸ்கில் கோடு கோடாக விழுந்திருந்தது. வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம் என்கிறார் அவர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மலிவான பேடு, கம்பெனி பேடு, சின்டர்டு பேடு என மூன்று விதம் காட்டினார்கள். மலைக்கு சின்டர்டுதான் ஏற்றது என்கிறான் என் அக்கா மகன். இதற்கு முன் பேடு மாற்றிய மறுநாளே மலைக்குப் போய் வந்தேன்; பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பிறகு கிறீச்சிடத் தொடங்கி இறுதிவரை நிற்கவும் இல்லை. இப்போது எதை வாங்குவது? எப்படிப் பழக்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். பிரேக் வேலை முடியும் வரை அந்த வண்டியில் மலைக்குச் செல்ல வேண்டாம். பேருந்தில் சென்று வாருங்கள். வேலை முடிந்த பிறகும் முதல் வாரம் பேருந்துதான். ஏன் அந்த ஒரு வாரம் என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

வண்டியை நிறுத்துவது பேடு என்று பலரும் நினைக்கிறார்கள். டிஸ்க் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிறுத்துவது இவை இரண்டும் சேர்ந்த ஜோடி. பேடிலிருந்து மிக மெல்லிய ஒரு படலம் டிஸ்கின் மேல் ஒரே சீராகப் படிந்து, அந்தப் படலத்தின் மேல் பேடு உராயும்போதுதான் முழுப் பிடிப்பு கிடைக்கிறது. கடையிலிருந்து வாங்கிவந்த அன்று அந்தப் படலம் இருப்பதில்லை. பேடின் முகமும் டிஸ்கின் முகமும் முழுப் பரப்பில் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. அங்கங்கே மேடான இடங்கள் மட்டுமே தொடுகின்றன. இந்த நிலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் இறங்கினால், அந்தச் சில மேடுகளே எல்லாச் சூட்டையும் வாங்கிக் கருகிக் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். சென்ற முறை உங்களுக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான். பேடு மட்டமானது என்று நீங்கள் முடிவு செய்திருக்கலாம். ஆனால் நல்ல பேடும் அந்த மறுநாள் பயணத்தில் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும்.

சூட்டின் அளவு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியும் நீங்களும் சேர்ந்து 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் சுமார் 30 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அது முழுவதும் ஒரு கிலோ எடையுள்ள எஃகு டிஸ்கிற்குள் போனால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 65 டிகிரி உயரும். சமவெளியில் அடுத்த முறை பிரேக் பிடிப்பதற்குள் காற்று அதைத் தணித்துவிடும். மலையில் அப்படியல்ல. மேலிருந்து காரவள்ளி அடிவாரம் வரை சுமார் 1000 மீட்டர் இறக்கம் என்று கொண்டால், இறங்கி முடிப்பதற்குள் கழிக்க வேண்டிய ஆற்றல் 2,100 கிலோஜூலைத் தாண்டுகிறது. அதாவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். வளைவுகளின் எண்ணிக்கையும் அதுவாகவே அமைந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், வளைவுக்கு ஒரு முழு நிறுத்தம் என்று மனத்தில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. இதில் ஒரு பகுதியை இன்ஜினும் எதிர்காற்றும் ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கின் பங்கு. அதிலும் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் விழுகிறது, ஏனெனில் பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் வண்டியின் எடை முன்னே சாய்கிறது.

இனி டிஸ்க். லேத்தில் சீவலாம் என்று உங்கள் மெக்கானிக் சொன்னது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. உங்கள் ஊர் லாரிகளின் ஊர். லாரியின் பிரேக் டிரம் கனத்த வார்ப்பிரும்பு, அதை லேத்தில் கடைவது அன்றாட வேலை. காரின் டிஸ்கும் வார்ப்பிரும்புதான், அதற்கும் கடைய இடம் உண்டு. மோட்டார் சைக்கிளின் டிஸ்க் வேறு சாதி. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து வெட்டிக் கடினமாக்கப்பட்டது அது. உங்கள் வகை வண்டிகள் பலவற்றில் புது டிஸ்கின் கனமே 4 மில்லிமீட்டர் அளவுதான், 3.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துத் தேய அனுமதிக்கப்பட்டிருப்பது அரை மில்லிமீட்டர். 42,000 கிலோமீட்டர் ஓட்டம் அதில் பாதியையாவது தின்றிருக்கும். கோடுகள் மறையும் வரை சீவினால் மிச்சமும் போய்விடும். மெலிந்த டிஸ்க் அதே சூட்டை வாங்கி முன்னைவிட வேகமாகக் கொதிக்கும், கோணிக்கொள்ளவும் செய்யும். மலைப் பாதைக்கு அது ஆகாது.

ஆகவே என் கருத்து: டிஸ்கை மாற்றுங்கள். இருந்தாலும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த முறைக்கும் உதவும். வெர்னியர் அளவுகோலை வெளிவிளிம்பிலிருந்து நேராகச் செருகி அளந்தால் தவறான அளவு வரும். பேடு தொடாத வெளிவிளிம்பு தேயாமல் வரம்புபோல் நிற்பதால், வெர்னியரின் தாடை அந்த வரம்பின் மேல் உட்கார்ந்து, டிஸ்க் புதிதுபோல் கனமாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால், ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை டிஸ்கின் இரு பக்கமும் தேய்ந்த பகுதியில் வைத்து அவற்றோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். பொறித்திருக்கும் எண்ணைவிட ஓர் இடத்தில் குறைந்தாலும் டிஸ்க் கழிவுதான். அளவு மிச்சமிருந்தாலும், விரல் நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது கோடுகளில் நகம் சிக்கி நிற்குமானால், அந்த டிஸ்கின் மேல் புது பேடு போடுவது வீண். அந்த மேடுபள்ளமே புது பேடைச் சீவிவிடும்.

டிஸ்கையும் பேடையும் விட முக்கியமான ஒரு தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: உள்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம். உங்கள் வகை வண்டிகளின் காலிப்பரில், அதாவது பேடுகளைத் தாங்கி டிஸ்கைக் கவ்வும் பகுதியில், பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடை டிஸ்கோடு இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் கிரீஸ் காய்ந்தோ துருவேறியோ இறுகிவிட்டால், காலிப்பர் நகராது. ஒரு பக்கப் பேடே இரண்டு பேடின் வேலையைச் செய்து தேயும், லீவரை விட்ட பிறகும் டிஸ்கை முழுதாக விடாமல் உரசிக்கொண்டே வரும். உங்கள் வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பேடு போட்டாலும் அதே பக்கம் அதே வேகத்தில் தேயும். பின்களைக் கழற்றித் துடைத்து, அவற்றின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்கிற்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவச் சொல்லுங்கள். சக்கரத்திற்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அது அந்த ரப்பரை உப்ப வைத்து மீண்டும் இறுக்கிவிடும்.

பேடு எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். கடைக்காரர் காட்டிய மூன்றும் விலையில் மட்டும் வேறுபட்டவை அல்ல. பல வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே வருவது ஆர்கானிக் அல்லது அரை உலோக வகை. நார்களையும் ரப்பரையும் வேறு சில பொடிகளையும் பிசினால் கட்டிச் செய்வது ஆர்கானிக்; அதோடு உலோகத் துகள் கணிசமாகச் சேர்ந்தது அரை உலோகம். குளிர்ந்த நிலையிலும் லீவரைத் தொட்டவுடன் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்கை மெதுவாகவே தேய்க்கும். குறை என்னவென்றால், சூடு எல்லை மீறும்போது பிசினிலிருந்து வாயு கிளம்பிப் பிடிப்பு தளரும். சின்டர்டு என்பது செம்பு முதலான உலோகப் பொடிகளை அழுத்திச் சூட்டில் ஒன்றாக்கியது. உயர்சூட்டிலும் மழையிலும் அதன் பிடிப்பு எளிதில் விழாது. ஆனால் டிஸ்கை அதிகம் தேய்க்கும். உலோகம் ஆதலால் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்கும் அதன் வழியே பிரேக் ஆயிலுக்கும் கடத்தும்.

உங்கள் அக்கா மகன் சொன்னதில் நியாயம் உண்டு, பாதி நியாயம். சின்டர்டு பேடைத் தாங்கும்படி கடினப்படுத்திய டிஸ்க் உங்கள் வண்டியில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். வண்டியின் கையேட்டிலோ, அசல் பேடின் வகையைக் கேட்டறிந்தோ இதை உறுதிசெய்யலாம். தொழிற்சாலையே சின்டர்டு போட்டு அனுப்பிய வண்டி என்றால் தயங்காமல் அதையே வாங்குங்கள். ஆர்கானிக்கோடு வந்த வண்டி என்றால் அந்த வகையிலேயே நல்லதாக வாங்குங்கள். 150 சிசி வண்டியில் ஒருவர் மலையிறங்குவதற்கு, சரியாகச் செட் ஆன அசல் பேடே போதும் என்பது பட்டறையில் வரும் வண்டிகளைப் பார்த்து நான் கொண்டிருக்கும் உறுதியான கருத்து. ரேஸிங் என்று எழுதி விற்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பந்தயத்திற்கென்றே செய்த பேடு நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளை ஒருவர் குறுக்கே ஓடினால் அதற்குச் சூடேற நேரம் இருக்காது.

பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை மோட்டார் சைக்கிள் உலகம் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது. 1969-இல் வெளிவந்த ஹோண்டா சிபி750 முன்சக்கர ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 1970-களில் வந்த வண்டிகளின் துருப்பிடிக்காத எஃகு டிஸ்குகள், அன்றைய பேடுகளோடு சேர்ந்து, மழையில் லீவரை அழுத்திய பிறகும் சிறிது நேரம் பிடிக்காமலே போயின. டிஸ்கில் துளையும் கீறலும் இட்டு, பேடின் கலவையையும் மாற்றிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. இன்று உங்கள் டிஸ்கில் காணும் துளைகளின் பணிகளுள் ஒன்று, நனைந்த முகத்திலிருந்து தண்ணீரை வழித்தெடுப்பது.

நல்ல பேடின் தகட்டிலோ ஓரத்திலோ தயாரிப்பாளரின் குறியீட்டோடு இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து இயல்பான சூட்டில் உள்ள உராய்வையும் இரண்டாவது உயர்சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, ஹெச் அதற்கும் மேல். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை. அது முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால், சூடேறும்போது கைவிடும் பேடு அது. எழுத்து பெரிதாக இருப்பதாலேயே உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். பழகிய பிடிப்பைவிடத் திடீரென்று கடுமையாகப் பிடிக்கும் பேடு, மணல் கிடக்கும் வளைவில் முன்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானதால் உங்கள் வண்டியில் அது இருக்கும், சக்கரம் பூட்டுவதைத் தடுக்கவும் செய்யும். ஆனால் பேடில் இல்லாத பிடிப்பை ஏபிஎஸ் உண்டாக்கித் தராது.

மலிவான பேடைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குறியீடும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பேடை வாங்காதீர்கள். தேய்மானம் அதிகம் என்பதல்ல பெரிய அபாயம். உராயும் பொருள் தகட்டோடு சரியாக ஒட்டப்படாமல் சூட்டில் மொத்தமாகப் பெயர்ந்துவிடுவதுதான் அபாயம். சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் லைனிங் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இயங்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு, சில நூறு ரூபாய்க்காகப் பெயரற்ற ஒன்றை வாங்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. போலிகளும் உலவுவதால் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

பொருத்தும்போது நீங்கள் அருகில் இருக்க முடிந்தால் நல்லது. புது டிஸ்க் துருவேறாமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வரும். அதை அப்படியே மாட்டினால் எண்ணெய் முழுவதும் பேடுக்குள் ஊறிவிடும். பட்டறைகளில் கையருகே இருப்பது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் என்பதால் அவற்றால் துடைப்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் அவை உலர்ந்த பிறகும் பிசுக்கை விட்டுச் செல்லும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்த புதுத் துணியால், துணியில் கறை வருவது நிற்கும் வரை இரு முகங்களையும் துடைக்க வேண்டும். அதன் பிறகு டிஸ்க் முகத்தையோ பேடு முகத்தையோ விரலால்கூடத் தொடக்கூடாது. டிஸ்க் உட்காரும் ஹப்பின், அதாவது சக்கர நடுப்பகுதியின், முகத்தில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரு சிறு துருத்துணுக்கு மாட்டிக்கொண்டாலும் டிஸ்கின் ஓரம் ஆடும், லீவர் விரலுக்கு அடியில் துடிக்கும். டிஸ்க் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, மரையில் பூட்டுப் பசை இட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

புது பேடுக்கு இடம் உண்டாக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன், வெளியே நீண்டிருக்கும் அதன் பக்கங்களைப் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும். அந்த அழுக்கோடு தள்ளினால் அது உள்ளிருக்கும் ரப்பர் சீலைக் கீறும். தள்ளும்போது மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம். பெயின்டில் பட்டால் உரித்துவிடும். அந்த ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். டாட் 4 என்ற தரவகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு தரவிதி எதிர்பார்க்கும் குறைந்த அளவு 155 டிகிரி மட்டுமே. மலையிறக்கத்தில் இந்த வேறுபாடு உயிரைக் காக்கும். மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், முற்றிலும் வேறு பொருள். அதைக் கலக்கவே கூடாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நின்ற இடத்திலேயே லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும் வரை வெளியே வர வேண்டும். அதுவரை முதல் சில அழுத்தங்களில் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் இருக்காது. பட்டறை வாசலிலேயே நேரும் விபத்துகளுக்கு இது ஒரு காரணம்.

இப்போது செட் ஆக்கும் முறை. விடியற்காலையில், உலர்ந்த சாலையில், பின்னால் வண்டி வராத ஒரு சமதளப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சேந்தமங்கலம் பக்கம் உங்களுக்கு அப்படிப்பட்ட இடம் கிடைக்கும். முதலில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முன்பிரேக்கை மட்டும், மென்மைக்கும் அழுத்தத்துக்கும் இடைப்பட்ட விசையில் சீராகப் பிடித்துக் குறையுங்கள். நின்றுவிட வேண்டாம், லீவரை முழுதாக விட்டு மீண்டும் வேகமெடுத்து, முந்நூறு நானூறு மீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி டிஸ்கிற்குக் காற்று கொடுங்கள். இவ்வாறு பத்து முறை போதும். பிறகு ஐந்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். அடுத்து 60-லிருந்து 20 வரை, சற்றுக் கூடுதலான அழுத்தத்தில், எட்டு அல்லது பத்து முறை, அதே இடைவெளியோடு. ஏபிஎஸ் வேலைசெய்து லீவர் உதறினால் நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு முறையும் பிடிப்பு கொஞ்சம் கூடுவதை விரலே சொல்லும். இலேசான கருகல் வாடை வருவது இயல்பு. புகை வந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

முடித்தவுடன் வீட்டுக்கு வந்து நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடமாவது காற்றாட ஓட்டி டிஸ்கை ஆறவிடுங்கள். சூடான நிலையில் பிரேக்கைப் பிடித்தபடி நின்றால், பேடு அழுந்தியிருக்கும் இடத்தில் மட்டும் அதன் பொருள் தடிப்பாக டிஸ்கில் அப்பிக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தில் லீவர் துடிக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டி மாற்றுவார்கள். வளைந்ததாகச் சொல்லி வரும் டிஸ்குகளில் கணிசமானவற்றின் நோய் இந்த அப்பல்தான். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. அது உண்மையிலேயே டிஸ்கைக் கோணலாக்கும்.

அடுத்த 200 முதல் 300 கிலோமீட்டர் வரை ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள். அவசரம் நேர்ந்தால் முழு பிரேக் பிடிக்கத் தயங்க வேண்டாம், அவசியமின்றி மட்டும் பிடிக்க வேண்டாம். டிஸ்கின் முகம் முழுவதும், கோடோ திட்டோ இல்லாமல், ஒரே சாம்பல் நிறச் சாயலோடு மங்கி நின்றால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சின்டர்டு வகை இதற்குக் கூடுதல் தூரம் கேட்கும். முதல் வாரம் பேருந்தில் செல்லச் சொன்னது இதற்காகத்தான்.

புது பேடை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் போடுவது சில பட்டறைகளில் வழக்கம். புது டிஸ்கோடு போடும் புது பேடுக்கு அது தேவையில்லை. தாளிலிருந்து உதிரும் மணிகள் பேடுக்குள் பதிந்து டிஸ்கைக் கீறவும் கூடும். பிற்காலத்தில், நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்கில் புது பேடு போடும்போது, அதிலும் வகை மாற்றிப் போடும்போது, முந்தைய படலத்தை நீக்க டிஸ்கின் முகத்தை நடுத்தரமான உப்புத்தாளால் இலேசாக வட்டமாகத் தேய்த்துப் பிரேக் கிளீனரால் துடைப்பது சரியான வேலை. ஒரு வகைப் பேடு விட்ட படலத்தின் மேல் இன்னொரு வகை ஒட்டிப் படியாது.

செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போதும், டயருக்குப் பளபளப்பு பூசும்போதும் டிஸ்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊறிய பேடைத் தீயில் காட்டி உலர்த்திப் போடுவார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள், மாற்றிவிடுங்கள். கிறீச்சொலி மட்டும் வந்து பிடிப்பு குறையாமல் இருந்தால் அது அதிர்வினால் வருவது; பேடின் பின்புறத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் சரியாக மாட்டி, தகட்டின் பின்புறம் சத்தத் தடுப்பு கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கும்.

மலையிறங்கும் முறையை உங்கள் ஊர் லாரி ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள்: எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்குவது. இரண்டாம் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்க, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே முழுதாக விட்டுவிடுங்கள். இலேசாகப் பிடித்தபடியே இறங்குவது பாதுகாப்பானதுபோல் தோன்றும். ஆனால் டிஸ்க் ஆற ஒரு நொடியும் கிடைக்காது. பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குபவர்களைக் கொல்லிமலையிலும் பார்க்கலாம். முன்பு சொன்ன 2,100 கிலோஜூலில் இன்ஜின் சுமக்க வேண்டிய பங்கையும் அவர்கள் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறார்கள்.

இறக்கத்தில் பிரேக் தளர்வதாகத் தோன்றினால், எப்படித் தளர்கிறது என்பதைக் கவனியுங்கள். லீவர் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால், சூடேறிப் பிடிப்பிழந்திருப்பது பேடு. அரைமணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மீளும். லீவர் பஞ்சுபோல் அமுங்கிக் கைப்பிடியை நோக்கி வந்தால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. இரண்டாவது நிலை அதிக ஆபத்தானது. கியரைக் குறைத்து, பின்பிரேக்கால் ஓரங்கட்டி, முழுதாக ஆறிய பிறகு முதல் கியரில் இறங்கி, அன்றே ஆயிலை மாற்ற வேண்டும்.

முன்பக்கத்துக்கு இவ்வளவு செய்யும்போது பின் டிரம்மையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். பின்பிரேக்கை முழுதாக மிதித்தபடி, டிரம் தகட்டின் வெளியே உள்ள சிறு அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். எல்லைக் கோட்டைத் தொட்டிருந்தால் ஷூவும் அதே நாளில் மாற வேண்டும். முன் பேடைப் பொறுத்தவரை, மாதம் ஒருமுறை டார்ச் அடித்து உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்துவந்தால் ஸ்லைடு பின்கள் நன்றாக வேலை செய்கின்றன. பேடின் நடுவிலுள்ள பள்ளம் மறையத் தொடங்கியதும் அடுத்த ஜோடியை வாங்கிவிடுங்கள்.